கையைப் பார்த்துத் தேர்ச்சி கொடுங்கள்

முதுநிலை அக்குபங்சர் படிப்பின் பாடக்குழுவுக்கும் தேர்வுக்குழுவுக்கும்,

வரும் கல்வியாண்டிலிருந்து கிளினிக் பயிற்சி நேரம் பாதியாகக் குறையும் என்றும், குறைந்த பாதியைப் பதிவு செய்த காணொளிகளைப் பார்த்து ஈடுகட்டலாம் என்றும் உங்கள் சுற்றறிக்கை சொல்கிறது. நோயாளியை வைத்து நடந்துவந்த இறுதிச் செய்முறைத் தேர்வு இனி இல்லை. அதன் இடத்தில் கணினியில் கொள்குறி வினாக்கள் வருகின்றன. கூடவே, திரையில் தெரியும் உடல் படத்தில் புள்ளியைத் தொட்டுக் காட்டும் ஒரு பகுதி. பயிற்சிக் குறிப்பேட்டையும் மாணவரே நிரப்பி, உண்மைதான் என்று தானே எழுதிக் கொடுத்தால் போதுமாம்.

இந்த மூன்று முடிவுகளையும் என்னால் ஏற்க முடியவில்லை. இவை என்னைப் பாதிக்கப் போவதில்லை. நான் இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன், பழைய முறையிலேயே தேர்வெழுதி வெளியே போய்விடுவேன். எனக்குப் பின்னால் வருகிறவர்கள் யார் யார் உடம்பில் ஊசி வைக்கப் போகிறார்கள் என்று நினைக்கும்போதுதான் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை.

இந்தப் படிப்பில் சேர்வதற்கு முன் ஒன்பது ஆண்டுகள் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்த்தேன். தினமும் உடம்பைத் தொட்டுப் பழகிய கை இது. எந்தத் தசை எங்கே தொடங்குகிறது, எந்த நரம்பு எதற்கு அடியில் போகிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அந்தத் தைரியத்தில்தான் முதல் மாதம் கிளினிக்குள் நுழைந்தேன்.

தோள் வலியோடு ஒரு பெண்மணி வந்திருந்தார். மெலிந்த உடம்பு. தோள்மேட்டில் உள்ள ஜி.பி.21 என்ற புள்ளியை எடுக்கலாம் என்று முடிவாயிற்று. ஏழாவது கழுத்து முள்ளெலும்பின் முனைக்கும் தோள் எலும்பின் வெளிமுனைக்கும் நடுவே அளந்து விரல் வைத்தேன். இடம் சரி. 0.25 மில்லிமீட்டர் தடிமனும் 40 மில்லிமீட்டர் நீளமும் உள்ள ஊசியைத் தோலுக்கு நேர்செங்குத்தாகப் பிடித்தேன். உங்கள் புதிய கணினித் தேர்வாக இருந்தால் அங்கேயே எனக்கு முழு மதிப்பெண் விழுந்திருக்கும்.

மேற்பார்வை ஆசிரியை என் மணிக்கட்டுக்கு அடியில் இரண்டு விரலைக் கொடுத்து நிறுத்தினார். நோயாளியின் காதில் விழாதபடி, "அவங்க மூச்சு விடுறதைப் பாரும்மா" என்றார். பார்த்தேன். காறை எலும்புக்கு மேலிருந்த குழி ஒவ்வொரு மூச்சுக்கும் லேசாக உள்வாங்கி மேலெழுந்துகொண்டிருந்தது. அதற்கு அடியில்தான் நுரையீரலின் உச்சி. படத்தில் நூறு முறை பார்த்த உறுப்பு. அது அசைவதை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஆசிரியை 25 மில்லிமீட்டர் ஊசியை எடுக்கச் சொன்னார். கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் தோள் தசையைக் கிள்ளித் தூக்கிப் பிடித்தார். தூக்கிய அந்தச் சதைக்குள் மட்டும் சாய்வாக ஊசி போகும்படி என் கையைத் திருப்பிவிட்டார். "இந்த உடம்புக்கு இவ்வளவுதான். அடுத்து வர்ற உடம்புக்கு மறுபடி பார்க்கணும்."

நுரையீரல் உறையில் ஊசி பட்டுக் காற்று கசிந்தால் அது பல சமயம் உடனே தெரிந்துவிடாது. நோயாளி எழுந்து, நன்றி சொல்லி, வீட்டுக்குப் போய்விடுவார். பல மணி நேரம் கழித்து நெஞ்சு குத்துகிறது, மூச்சு வாங்குகிறது என்று வேறொரு மருத்துவமனைக்கு ஓடுவார். ஊசி வைத்தவருக்குச் செய்தி வந்து சேராமலே போகலாம். தான் நன்றாகச் செய்வதாக நினைத்துக்கொண்டே அவர் அடுத்த ஆளுக்கு ஊசியைப் பிரிப்பார்.

இதெல்லாம் அபூர்வம் என்பீர்கள். அபூர்வம்தான். ஜெர்மனியில் 2,29,230 நோயாளிகளைப் பின்தொடர்ந்து 2009இல் வெளியான ஆய்வில் நுரையீரல் உறையில் காற்று புகுந்தது இரண்டே பேருக்கு. பிரிட்டனில் 2001இல் வெளியான இரண்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் சுமார் 66,000 சிகிச்சைகளில் கடுமையான பாதிப்பு ஒன்றுகூட இல்லை. நீங்கள் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த எண்கள்தாம் இவை. நானும் நோயாளிகளிடம் பெருமையோடு சொல்கிறேன். ஆனால் அந்த ஊசிகளை வைத்தவர்கள் யார் என்றும் பார்க்க வேண்டும். ஜெர்மனியில் அக்குபங்சர் பயிற்சி பெற்ற மருத்துவர்கள். பிரிட்டனில் ஓர் ஆய்வில் மருத்துவர்களும் பிசியோதெரபிஸ்டுகளும், இன்னொன்றில் தொழில்முறை அமைப்பில் உறுப்பினரான அக்குபங்சர் சிகிச்சையாளர்கள். பழகிய கைகள் சம்பாதித்துக் கொடுத்த பெயர் அது. பழகாத கைகளை வெளியே அனுப்பிவிட்டு அதே எண்களை நாம் எப்படிச் சொந்தம் கொண்டாடுவது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. முதல் பருவத்தில் ஒரு நாள், தலைவலிக்கு வந்த ஒருவருக்கு 14 ஊசிகள் வைத்தேன். எடுத்துக் கழிவுப் பெட்டியில் போட்டபோது 13. எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் நான் எண்ணவில்லை. அவர் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார். திரைக்கு வெளியே நின்ற ஆசிரியை, "எத்தனை வைச்சே, எத்தனை எடுத்தே?" என்று கேட்ட பிறகுதான் கேஸ் ஷீட்டைப் பார்த்தேன். பின்கழுத்தில் முடி தொடங்கும் இடத்தில், ஜி.பி.20இல், ஒன்று அப்படியே நின்றுகொண்டிருந்தது. அவர் காரில் ஏறித் தலையைப் பின்னால் சாய்த்திருந்தால்? மண்டை ஓடு முடிகிற இடம் அது. அன்றிலிருந்து என் கேஸ் ஷீட்டில் 'வைத்தது', 'எடுத்தது' என்று இரண்டு கட்டம் இருக்கும். இரண்டும் பொருந்தாமல் நோயாளியைக் கட்டிலிலிருந்து இறக்க மாட்டேன். 'ஊசிகளை எடுத்த பின் எண்ண வேண்டுமா?' என்று கொள்குறி வினாவில் கேட்டால் எல்லோரும் 'ஆம்' என்றுதான் குறிப்பார்கள். நானும் அதற்கு முந்தைய மாதம் 'ஆம்' என்று குறித்து மதிப்பெண் வாங்கியிருந்தேன்.

திரையில் கேட்க முடியாதவை நம் தொழிலில் எத்தனையோ இருக்கின்றன. ஊசி உள்ளே போனதும் விரல் நுனியில் வந்து சேரும் அந்தப் பிடிப்பு, 'தே சி' என்று நாம் சொல்வது, காணொளியில் தெரியாது. தூண்டிலில் மீன் கடிப்பது போல என்று பழைய ஆசிரியர்கள் ஒப்பிடுவார்கள். கடிக்கும்போது தூண்டிலைப் பிடித்திருப்பவருக்குத்தான் அது தெரியும், கரையில் நின்று வேடிக்கை பார்ப்பவருக்குத் தெரியாது. நாடி பார்ப்பதும் அப்படித்தான். மணிக்கட்டில் மூன்று இடங்கள், ஒவ்வொன்றிலும் எவ்வளவு அழுத்துவது என்பதை ஆசிரியர் தன் விரலை என் விரல்மேல் வைத்து அழுத்திக் காட்டிய பிறகுதான் ஓரளவு பிடிபட்டது. முதன்முறை ஊசி போட்டுக்கொள்கிறவருக்கு உட்கார்ந்த நிலையில் மயக்கம் வரலாம் என்று படித்திருந்தேன். ஊசிகளை எடுத்துவிட்டுப் படுக்கவைத்துக் காலை உயர்த்த வேண்டும் என்பதும் மனப்பாடம். ஆனால் மயக்கம் வருவதற்கு அரை நிமிடம் முன்னால் மேலுதட்டில் வியர்வை பொடிக்கும், பேச்சு சுருங்கும். அதைக் கவனிக்க வேண்டுமானால் கண் ஊசியைவிட்டு முகத்துக்குப் போக வேண்டும். என் கண் ஊசியிலேயே நின்றது. கூட இருந்தவர் பார்த்தார், நோயாளி தப்பித்தார்.

சோங் பேரரசுக் காலத்தில், 1027இல், வாங் வெய்யி என்ற மருத்துவர் ஆளுயர வெண்கல உருவங்கள் இரண்டை வார்க்கச் செய்தார். அக்குபங்சர் மாணவர்களுக்குப் பாடம் நடத்தவும் தேர்வு வைக்கவும் செய்தவை அவை. புள்ளிகள் இருக்கும் இடத்தில் துளை போட்டு, மேலே மெழுகு பூசி மறைத்து, உள்ளே நீர் நிரப்பி வைப்பார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. மாணவர் சரியான இடத்தில் ஊசியைச் செலுத்தினால் நீர் கசியும், தவறினால் ஊசி இறங்காது. அந்த வெண்கல உடம்பு மூச்சு விடாது, பயப்படாது. ஆனாலும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் தேர்வு வைத்தவர்கள் மாணவரின் கையில் ஊசியைக் கொடுத்து, அது எங்கே போகிறது என்று பார்த்தார்கள். நீங்கள் கொண்டுவரப்போகும் தேர்வில் ஊசியே கிடையாது.

மருத்துவக் கல்வியில் உங்களைவிட எனக்கு அதிகம் தெரியாது. ஆனால் நீங்களே வகுப்பில் வரைந்து காட்டிய, மருத்துவக் கல்வியாளர் ஜார்ஜ் மில்லரின் பிரமிடு எனக்கு நினைவிருக்கிறது. 1990இல் அவர் சொன்னது: அடித்தளத்தில் 'தெரியும்', அதற்கு மேல் 'எப்படி என்று தெரியும்', மூன்றாவதாகச் 'செய்து காட்டுவார்', உச்சியில் 'வேலையில் செய்கிறார்'. கொள்குறி வினா எவ்வளவு கவனமாக எழுதப்பட்டாலும் கீழே உள்ள இரண்டு தட்டுகளைத் தாண்டாது. மூன்றாவது தட்டை அளப்பதற்கென்றே 1975இல் ஸ்காட்லாந்தில் ரொனால்டு ஹார்டன் குழுவினர் ஓஸ்கி தேர்வைக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு நிலையமாக நகர்ந்து, ஒரே சரிபார்ப்புப் பட்டியலை வைத்துக்கொண்டு தேர்வாளரின் கண்முன்னே மாணவர் செய்து காட்டும் முறை. உலகெங்கும் மருத்துவம், செவிலியம், பிசியோதெரபி எல்லாம் அந்தப் பக்கம் போயிருக்கும்போது, உடம்புக்குள் ஊசி செலுத்தும் நாம் எதற்காகத் திரும்பி வருகிறோம்?

'இளநிலையிலேயே செய்முறை முடித்துவிட்டுத்தானே வருகிறார்கள்' என்று சுற்றறிக்கையில் ஒரு வரி இருக்கிறது. என் வகுப்பில் மருத்துவர்கள் இருக்கிறார்கள், செவிலியர்கள் இருக்கிறார்கள், என்னைப் போன்ற பிசியோதெரபிஸ்டுகள் இருக்கிறார்கள், அக்குபங்சரையே இளநிலையில் படித்தவர்கள் சிலரும் இருக்கிறார்கள். எங்களில் பலர் இங்கே வந்துதான் முதல் ஊசியைப் பிரித்தோம். உலகச் சுகாதார நிறுவனம் 1999இல் வெளியிட்ட பயிற்சி வழிகாட்டுதல், மருத்துவர் அல்லாதவர்களுக்கான முழுப் பயிற்சியை 2,500 மணி நேரம் என்றும், அதில் 1,000 மணி நேரம் செய்முறையும் கிளினிக் பயிற்சியும் இருக்க வேண்டும் என்றும் சொன்னது. அந்த 1,000 மணி நேரத்தைச் சேரும்போதே கையில் வைத்திருந்தவர்கள் எங்கள் வகுப்பில் மிகச் சிலர்.

இருந்தவர்களுக்கும் சேர்த்துத்தான் பேசுகிறேன். முதுநிலையில் எங்களிடம் வருவது வெறும் முழங்கால் வலி மட்டும் இல்லை. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் வருகிறார். கீமோதெரபிக்குப் பின் குமட்டல் தாங்காமல் ஒருவர் வருகிறார். பேஸ்மேக்கர் வைத்தவர், ஊசிகளில் மின்சாரம் பாய்ச்சும் மின் அக்குபங்சர் கேட்கிறார். கருவுற்ற பெண்ணுக்கு எந்தப் புள்ளிகளைத் தவிர்ப்பது என்று அங்கேயே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. நடுமார்பில் சி.வி.17 இருக்கிறதே, அடியில் எலும்பு இருக்கிறது, பயமில்லை என்றுதான் எல்லோரும் நினைப்போம். சிலருக்கு அந்த எலும்பிலேயே பிறவித் துளை உண்டு, அதற்குப் பின்னால் இதயம். தோலை ஒட்டிப் படுக்கைவாட்டில்தான் ஊசி போக வேண்டும் என்பது கைக்குப் பழக்கமாகிவிட வேண்டும். இப்படிப்பட்ட நோயாளிகள் வரும் இடத்தில்தான் மேற்பார்வையைக் குறைக்கிறீர்கள்.

முதுநிலைப் பட்டம் வாங்குகிறவர் நாளைக்கு ஆசிரியராகிறார் என்பதையும் நினைத்துப் பாருங்கள். என் மணிக்கட்டுக்கு அடியில் இரண்டு விரல் கொடுத்தவரும் ஒரு காலத்தில் இப்படி ஒருவரிடம் படித்தவர்தான். காணொளி பார்த்துத் தேறியவர் யாருடைய கையைப் பிடித்து நிறுத்துவார்?

ஆராய்ச்சி பற்றியும் ஒரு வார்த்தை. ஆய்வேடு எழுதுவதற்கு நீங்கள் தரும் முக்கியத்துவத்தை மதிக்கிறேன். நாள்பட்ட வலிக்கு அக்குபங்சர் உதவுகிறதா என்று 29 ஆய்வுகளில் இருந்த 17,922 நோயாளிகளின் தரவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த பகுப்பாய்வு 2012இல் வந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வைக்கும் போலி ஊசியைவிட உண்மை ஊசி நல்ல பலன் தந்தது, ஆனால் அந்த வித்தியாசம் சிறியது. அந்தச் சிறிய வித்தியாசத்தைப் பற்றித்தான் இன்றுவரை வாதம் நடக்கிறது. ஊசியை யார் வைத்தார், எவ்வளவு ஆழத்தில், பிடிப்பு வந்ததா என்பவை அந்த வாதத்தின் நடுவிலேயே இருக்கின்றன. அக்குபங்சர் ஆய்வுகளை எப்படி எழுத வேண்டும் என்று சொல்லும் ஸ்ட்ரிக்டா வழிகாட்டுதலில், 2010இல் திருத்திய வடிவத்தில், ஊசி வைத்தவரின் தகுதியையும் அனுபவத்தையும் குறிப்பிடச் சொல்லித் தனி அம்சமே இருக்கிறது. அடுத்த ஆண்டு சேருகிற மாணவர் தன் ஆய்வேட்டில் அந்த இடத்தில் என்ன எழுதுவார்? நம்மை நம்பாதவர்கள் முதலில் பார்க்கப்போவது அந்த வரியைத்தான்.

குறிப்பேடு விஷயத்துக்கு வருகிறேன். தானே நிரப்பித் தானே உறுதி சொல்வது புதிது போலச் சுற்றறிக்கை பேசுகிறது. உண்மையில் பாதி வழி ஏற்கெனவே வந்துவிட்டோம். சென்ற பருவத்தின் கடைசி வாரம், அலுவலக அறை மேசையில் எங்கள் குறிப்பேடுகள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. அவற்றில் கையெழுத்துப் போட்டவர் எங்கள் கிளினிக்குக்கு அந்தப் பருவத்தில் ஒருநாளும் வந்ததில்லை. பக்கத்தைப் புரட்டுவார், கையெழுத்திடுவார், புரட்டுவார். என் குறிப்பேடு திரும்பி வந்ததும் பிரித்துப் பார்த்தேன். ஒரு நோயாளியின் பக்கத்தில் நாக்கின் நிறத்தையும் நாடியையும் எழுத மறந்து கட்டத்தை வெறுமையாக விட்டிருந்தேன். அதன் கீழேயும் கையெழுத்து இருந்தது. 'நன்று' என்ற ஒரு சொல்லும் இருந்தது. அதைப் பார்த்தபோது வந்த வருத்தம் இன்னும் போகவில்லை. கையெழுத்திட்டவர் மேல் கோபம் இல்லை. அவர்மேல் அத்தனை பக்கங்களை ஏற்றிய ஏற்பாட்டின் மேல்தான் கோபம்.

மேற்பார்வையாளர்கள் குறைவு என்று நீங்கள் சொல்லும் காரணம் பொய்யில்லை. எங்கள் கிளினிக்கில் ஆறு கட்டில்களை ஒருவரே பார்க்கிறார். ஒரு திரைக்குள் இருந்தால் மற்ற ஐந்தும் அவருக்குத் தெரியாது. ஓடி ஓடிக் களைத்துப்போவதை தினமும் பார்க்கிறோம். ஆனால் ஆசிரியர் பற்றாக்குறை என்றால் சேர்க்கையைக் குறைப்பதுதானே முறை? சேர்க்கையை உயர்த்திவிட்டு, அந்தக் கூட்டத்துக்கு ஏற்றபடி பயிற்சியை வெட்டுவது எங்கிருந்து வந்த நியாயம்? காணொளி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அரிய நோயாளிகளை, ஆசிரியர் கேள்வி கேட்கும் விதத்தை, முன்கூட்டியே பார்த்துவிட்டு வருவதற்கு அது நல்ல துணை. அதைப் பயிற்சி நேரத்தில் சேர்த்துக் கணக்குக் காட்டாதீர்கள்.

ஆகவே உங்களிடம் கேட்பவை இவை.

கிளினிக் பயிற்சி நேரத்தைப் பழைய அளவுக்கே திருப்புங்கள். நோயாளியை மாணவர் தன் கையால் பார்த்த நேரத்தையும், பிறர் செய்வதைப் பார்த்த நேரத்தையும் தனித்தனியாக எழுத வையுங்கள். சான்றிதழோடு தரும் மதிப்பெண் பட்டியலில் இரண்டும் தனித்தனியாகத் தெரியட்டும்.

இறுதிச் செய்முறைத் தேர்வு நிற்கக் கூடாது. இரண்டு தேர்வாளர்கள் இருக்கட்டும், ஒருவராவது வெளியிலிருந்து வரட்டும். சரிபார்ப்புப் பட்டியல் முன்கூட்டியே எங்கள் கையில் இருக்கட்டும். கை கழுவுவது, நோயாளியிடம் ஒப்புதல் கேட்பது, ஊசியின் நீளத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் சொல்வது, எண்ணி எடுப்பது ஆகியவற்றில் பாதுகாப்பு சம்பந்தப்பட்ட எதிலாவது தவறினால், மற்றதில் எவ்வளவு மதிப்பெண் வாங்கியிருந்தாலும் தேர்ச்சி கொடுக்காதீர்கள். இதை நான் எனக்கும் சேர்த்தே கேட்கிறேன். கொள்குறித் தேர்வையும் வைத்துக்கொள்ளுங்கள். படிப்பறிவைச் சோதிக்க அது உதவும்.

எல்லாவற்றையும் ஒரே இறுதித் தேர்வில் ஏற்றவும் வேண்டாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு மாணவரோடு ஒரு நோயாளியிடம் கால் மணி நேரம் நின்று பார்த்து, பார்த்ததை அங்கேயே இரண்டு வரி எழுதிக் கொடுத்தால் போதும். அந்த இரண்டு வரி எனக்கு எத்தனையோ 'நன்று'களைவிடப் பெரிது.

குறிப்பேட்டில் அந்த நோயாளியின்போது உடனிருந்தவர் மட்டும், அன்றைக்கே கையெழுத்திட வேண்டும் என்று விதி செய்யுங்கள். உடனிருந்தவர் யாரும் இல்லையென்றால் அந்தப் பக்கம் கணக்கில் சேரக் கூடாது.

ஒரு மேற்பார்வையாளருக்கு ஒரே நேரத்தில் நான்கு மாணவர்களுக்கு மேல் தராதீர்கள். ஆள் கிடைக்கும்வரை சேர்க்கையை நிறுத்திவைக்க வேண்டியிருந்தால் நிறுத்துங்கள். இங்கே படித்து நல்ல பெயரோடு தொழில் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு மேற்பார்வைப் பயிற்சியும் உரிய ஊதியமும் கொடுத்து அழைத்தால் வருவார்கள் என்பது அவர்களில் சிலரோடு பேசியதில் எனக்குத் தெரிந்தது.

கடைசியாக, இந்த முடிவை எடுத்த கூட்டத்தில் மாணவர் ஒருவரும் இல்லை, கிளினிக்கில் தினமும் நிற்கும் மேற்பார்வையாளர் ஒருவரும் இல்லை. அடுத்த பாடக்குழுக் கூட்டத்தில் இரு தரப்பிலிருந்தும் ஆட்களை உட்கார வைத்து இதை மறுபடி விவாதியுங்கள். அதுவரை சுற்றறிக்கையை நிறுத்திவையுங்கள். கூட்டத்துக்கு என்னைக் கூப்பிட்டால் வருகிறேன். அந்த வெற்றுக் கட்டத்தின் கீழ் கையெழுத்துள்ள குறிப்பேட்டையும் எடுத்து வருகிறேன்.

இப்படிக்கு,
இரண்டாம் ஆண்டு முதுநிலை மாணவி